உம் ஸாமி அழுத வீடு

தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே, குக்கர் கூவுகிறது என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். அன்றைக்கு நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. நீ சொன்ன ஒரு வார்த்தைக்கு என்ன பதில் பேசுவது என்று தெரியாமல் அப்படிச் சொன்னேன். உன் வீட்டு டிவியில் பாலஸ்தீனத்துச் சண்டை ஓடிக்கொண்டிருந்தது. இடிந்த வீடுகளைக் காட்டுகிறார்கள் என்றாய். நான் "அய்யோ பாவம்" என்றேன். நீ சிரித்துக்கொண்டே, "அவங்களுக்காகல்லாம் வருத்தப்படாதேம்மா. பிள்ளை செத்தா இனிப்பு குடுக்கிற அம்மாங்க அவங்க. நம்மள மாதிரி கிடையாது" என்றாய். நீ கெட்ட மனசோடு சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். யாரோ எதையோ அனுப்பியிருப்பார்கள், நீயும் பார்த்திருப்பாய். ஆனால் அப்படி இனிப்பு கொடுத்த ஒரு தாயின் கையிலிருந்து நானே இனிப்பு வாங்கியிருக்கிறேன். அவர் உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு மொட்டைமாடி முழுக்க நடந்தவர். இதையெல்லாம் நான் உன்னிடம் சொன்னதே இல்லை. சொல்லும்படியான சந்தர்ப்பம் வரவில்லை. வந்தபோது உனக்கு நேரமில்லை. ஃபோனில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. அதனால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். பொறுமையாகப் படி.

நாம் இருந்த அந்த அரபு நாட்டுத் துறைமுக ஊர், தம்மாம், உனக்கு ஞாபகம் இருக்காது. போகும்போது நீ கைக்குழந்தை, திரும்பும்போது நாலு வயது. உன் அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிரேன்களைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியர் வேலை. எழுபதுகளின் நடுவில் அந்த ஊருக்குச் சிமெண்டும் இரும்பும் வந்துகொண்டே இருந்தன. இறக்க இடமில்லாமல் கப்பல்கள் கடலில் மாதக்கணக்கில் வரிசைகட்டி நிற்கும். விடிவதற்கு முன்னால் கம்பெனி வண்டி வந்து உன் அப்பாவை டூட்டிக்கு அழைத்துப் போகும். இருட்டிய பிறகு கொண்டுவந்து விடும். நடுவில் இருக்கிற பகல் முழுவதும் நான், நீ, ஜன்னலில் உறுமுகிற ஏசி, அவ்வளவுதான். பெண்கள் தனியாகக் கடைக்குப் போக முடியாது. திருச்சியில் நான் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனவள். அங்கே எதிர் வீட்டில் காலிங்பெல் அடித்தால்கூட நான் எழுந்து நின்றுவிடுவேன், நம் வீட்டு பெல்லாக இருக்குமோ என்று. உன்னிடம் நாள் முழுவதும் பேசுவேன். உனக்குப் பேச்சு வரவில்லை. சில நாள் என் குரலே எனக்கு யாரோ பேசுகிற மாதிரிக் கேட்கும். சாமி படம் வெளியில் வைக்கக் கூடாது, சிக்கல் வரும் என்று கம்பெனியில் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அதனால் சமையலறை அலமாரியில் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒரு முருகன் படமும் சின்ன விளக்கும் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை மட்டும் அலமாரிக் கதவைத் திறந்து விளக்கேற்றுவேன். ஊதுபத்தி கிடையாது, வாசனை வெளியே போய்விடும்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ குளியலறைக்குள் தவழ்ந்து போய்க் கதவைத் தள்ளிச் சாத்திவிட்டாய். தாழ்ப்பாள் கீழேயே இருந்தது. அதைப் பிடித்து இழுத்து விளையாடியதில் அது விழுந்துவிட்டது. உள்ளே வாளி நிறையத் தண்ணீர். நான் கதவை இடித்துக்கொண்டு அலறிய அலறலில் எதிர் வீட்டுக் கதவு திறந்தது. நாற்பது வயது இருக்கும் ஒரு அம்மா, தலைத்துணி பாதி நழுவ ஓடிவந்தார். என்ன ஏது என்று கேட்கவே இல்லை. நேராக என் சமையலறைக்குள் போய் நீளமான கத்தி ஒன்றை எடுத்து வந்து, கதவு இடுக்கில் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தாழ்ப்பாளை நெம்பினார். உள்ளே உன்னிடம் அரபியில் ஏதோ பாட்டு மாதிரிப் பேசிக்கொண்டே இருந்தார். நீ அழுகையை நிறுத்திவிட்டாய். கதவு திறந்ததும் உன்னை என் கையில் கொடுத்தார். அதற்குள் சத்தம் கேட்டுக் கட்டடக் காவல்காரர் படியேறி வருகிற செருப்புச் சத்தம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அலமாரி திறந்திருக்கிறது, விளக்கு எரிகிறது. நான் அசைவதற்குள் அந்த அம்மா திரும்பிச் சமையலறைக்குப் போய், சுடரை விரலால் அணைத்து, அலமாரியைச் சாத்திவிட்டு வந்து வாசலில் நின்றார். "குழந்தை கதவைப் பூட்டிக்கிட்டான். ஹலாஸ், முடிஞ்சுபோச்சு, ஒண்ணுமில்ல, போ" என்று அவரை அனுப்பிவிட்டார்.

அவர் பேசியது பள்ளிக்கூடத்து ஆங்கிலமும் அரபியும் கலந்த பேச்சு. பெண்கள் பள்ளியில் ஆங்கில டீச்சர். ஆனால் எனக்கு அவர் பேச்சு இத்தனை வருஷம் கழித்துத் தமிழாகத்தான் ஞாபகம் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன். காவல்காரர் போன பிறகு என்னைப் பார்த்து, "உன் விளக்கை அணைச்சிட்டேன். உன் கடவுள் கோவிச்சுக்குமா?" என்று கேட்டார். "இல்ல, கோவிச்சுக்காது" என்றேன். "அப்ப நல்ல கடவுள்தான்" என்றார். பெயரைக் கேட்டேன். "ஹனான். ஆனா அப்படி யாரும் கூப்பிடறதில்ல. நான் உம் ஸாமி. ஸாமியோட அம்மா" என்றார். நான் குபீரென்று சிரித்துவிட்டேன். எங்கள் மொழியில் சாமி என்றால் கடவுள் என்று விளக்கினேன். அவரும் சிரித்தார். "அது அவனுக்குத் தெரியவேண்டாம். இப்பவே நான் சொல்றத கேக்கறதில்ல" என்றார். நான் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். உனக்குப் பேச்சு வந்தபோது நீ "சாமிம்மா" என்றாய். என்னை அம்மா என்று கூப்பிட்ட அதே வாரம்.

அவர்கள் பாலஸ்தீனத்துக்காரர்கள். வீட்டில் கணவர் அபு ஸாமி, அதாவது ஸாமியின் அப்பா. ஒரு கட்டுமான அலுவலகத்தில் வேலை. மூத்தவன் ஸாமி பெய்ரூட்டில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். இரண்டாவது பிள்ளை பாஸிம், தம்மாமிலேயே பள்ளிக்கூடத்தில். தினமும் பள்ளி விட்டு வந்து, துணி காயப்போட மாடிக்குப் போகும்போது அக்கா நம் வீட்டு பெல்லை அடிப்பார். மாடியிலிருந்து பார்த்தால் கடலில் கப்பல்கள் நிற்பது தெரியும். அங்கே வைத்துத்தான் ஒருநாள் ஊரை விட்டு வந்த கதையைச் சொன்னார். யாஃபாவுக்குப் பக்கத்தில் ஆரஞ்சுத் தோட்டங்கள் உள்ள ஊர். நாற்பத்தெட்டில் சண்டை வந்தபோது அவருக்குப் பத்து வயது. மறுநாள் கணக்குப் பரீட்சை, ஒன்றும் படித்திருக்கவில்லை. காலையில் அப்பா வந்து எல்லோரும் கிளம்புங்கள் என்றதும், பரீட்சை இல்லை என்று சந்தோஷப்பட்டாராம். "எல்லாரும் அழுதுக்கிட்டு நடக்கறாங்க. நான் மட்டும் குதிச்சுக்கிட்டு நடந்தேன். ஒரு வாரத்தில திரும்பிடுவோம்னு அப்பா சொன்னார். அதுக்குள்ள படிச்சிடலாம்னு நினைச்சேன்." இதைச் சொல்லிவிட்டு உன் ஈரச் சட்டையை உதறிக் கொடியில் போட்டார்.

அக்கா ஐந்து வேளையும் தொழுவார். அபு ஸாமி தொழமாட்டார். அவருக்குப் பேப்பரும் ரேடியோவும்தான். அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று எனக்குத் தெரியாது, இப்போதும் முழுக்கத் தெரியாது. ஒருமுறை அக்காவிடம் கேட்டே விட்டேன், இதில் கடவுள் எங்கே வருகிறார் என்று. "யூதங்க வேதத்தில அந்த நிலம் அவங்களுக்குன்னு எழுதியிருக்காம். எங்க வேதத்தில பொறுமையா இருன்னு எழுதியிருக்கு. ரெண்டையும் எழுதினது ஒரே கடவுள்னு ரெண்டு பேரும் சொல்றோம். அப்புறம் நான் யாருகிட்ட போய்க் கேக்கறது?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. பதில் தெரியாத பிள்ளை கேள்வியைத் திருப்பிக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

எழுபத்தேழு கோடையில் ஸாமி விடுமுறைக்கு வந்தான். ஒல்லியாக, உயரமாக, ஓயாமல் சிகரெட் பிடிக்கிற பையன். உன்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குவான். படிப்பை விட்டுவிட்டான் என்றும், லெபனானின் தெற்கே போராளிகளோடு இருக்கிறான் என்றும் வந்த பிறகுதான் அக்காவுக்குத் தெரிந்தது. அபு ஸாமிக்கு முன்பே தெரியும். எதிர் வீட்டில் நாளெல்லாம் சண்டை. ஒருநாள் அக்கா அவனை நம் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "நீ சொல்லு. நீ எங்காளு இல்ல. நீ சொன்னா கேப்பான்" என்றார். "அம்மாவுக்கு ஒரே கவலையா இருக்கு, படிப்ப முடிச்சிட்டுப் போயேன்" என்றேன். அவன் மரியாதையாகத்தான் பதில் சொன்னான். "ஆன்ட்டி, ஊருக்குத் திரும்பற சேதி வரும்னு எங்க தாத்தா ரேடியோ கேட்டுக்கிட்டே செத்துப்போனார். அப்பாவும் ரேடியோ கேக்கறார். நானும் கேக்கணுமா?" அக்கா குறுக்கே புகுந்து, "அல்லா பாத்துப்பான், நீ பொறு" என்றார். "இதில அல்லாவ இழுக்காதேம்மா. இது நிலத்தோட விஷயம். யாரோட கடவுளும் வந்து எனக்கு வீட்டைத் திருப்பித் தரப்போறதில்ல" என்றான் அவன். அக்கா அவன் வாயைப் பொத்தினார். அவன் அந்தக் கைக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு எழுந்து போனான். விடுமுறை முடிவதற்குள்ளேயே கிளம்பிவிட்டான்.

இனி நான் எழுதப்போவது எனக்கே எழுதப் பிடிக்கவில்லை. ஆனால் பாதியைச் சொல்லிப் பாதியை மறைத்தால் நீ அக்காவைத் தெய்வப்பிறவி என்று நினைப்பாய். அவர் அப்படி இல்லை. எழுபத்தெட்டு மார்ச்சில் ஒருநாள் பள்ளி விட்டு வந்ததும், தேன் சொட்டச் சொட்ட ஒரு தட்டு பக்லவாவோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "நம்ம பசங்க கடல் வழியா உள்ள போயிட்டாங்க. அவங்க ஊருக்குள்ளயே போயிட்டாங்க" என்றார். அவர்கள் வீட்டு விசேஷம் மாதிரி நானும் சிரித்துக்கொண்டு வாங்கினேன். நான் ஒன்று சாப்பிட்டேன், நீ இரண்டு சாப்பிட்டாய். சாயங்காலம் உன் அப்பா வந்து லண்டன் ரேடியோவைத் திருப்பினார். உள்ளே போனவர்கள் ஒரு பஸ்ஸைப் பிடித்திருக்கிறார்கள். பிக்னிக் போய்விட்டு வந்த குடும்பங்கள். பெண்கள், குழந்தைகள் என்று நிறையப் பேர் செத்துவிட்டார்கள். உன் அப்பா மேஜையில் தட்டைப் பார்த்து, "இது ஏது?" என்றார். சொன்னேன். அவர் எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டார். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

மறுநாள் அக்காவிடம் கேட்டேன். "அந்த பஸ்ல குழந்தைங்க இருந்தாங்களாமே?" அவர் முகம் கல்லாகிவிட்டது. "எங்க குழந்தைங்க கூடாரத்தில குண்டு விழுந்து செத்தப்ப உன் லண்டன் ரேடியோ உனக்குச் சொல்லிச்சா? அப்ப நீ வந்து என்கிட்ட கேட்டியா?" என்றார். அவர் தட்டைக்கூட வாங்காமல் போய்விட்டார். அதற்கப்புறம் பெல் அடிக்கவில்லை. அவர் மாடிக்குப் போகிற சத்தம் கேட்கும், நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன், அவர் நம் வாசலைத் தாண்டிப் போவார். நீ "சாமிம்மா, சாமிம்மா" என்று கதவைத் தட்டுவாய். அதற்குள் அந்த யூத நாட்டு ராணுவம் லெபனானின் தெற்குப் பகுதிக்குள் இறங்கிவிட்டது. ஊர் ஊராகக் குண்டு போடுகிறார்கள், ஜனங்கள் வடக்கே ஓடுகிறார்கள் என்று ரேடியோ சொன்னது. நான் ஸாமியை நினைத்தேன். போய்க் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் அபு ஸாமி இரண்டு நண்பர்களோடு வீட்டுக்கு வந்தார். அந்த நேரத்தில் அவர் ஒருநாளும் வந்ததில்லை. கொஞ்ச நேரத்தில் வீடு நிரம்பிவிட்டது. உன்னைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். ஆண்கள் முன்னறையில், பெண்கள் உள்ளே. அழுகைச் சத்தமே இல்லை. ஒரு வயதான அம்மா வாசலில் நின்று குலவையிட்டார். தம்பி, நம் பக்கத்தில் முளைப்பாரி எடுக்கும்போது பெண்கள் போடுகிற அதே குலவை. வந்தவர்கள் எல்லோரும் "மப்ரூக், மப்ரூக்" என்று அக்காவைக் கட்டிக்கொண்டார்கள். எனக்கு அந்த வார்த்தை தெரியும், வாழ்த்துச் சொல்கிற வார்த்தை. சுவரில் அதற்குள் ஸாமியின் படம், மேலே குர்ஆன் வசனம், கீழே "ஷஹீத்" என்று எழுதியிருந்தது. மதத்துக்காக உயிர் கொடுத்தவன் என்று அர்த்தம். அக்கா நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து, மடியில் வைத்திருந்த தட்டிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் தன் கையால் இனிப்பு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சிரித்த முகம். என் கையிலும் ஒன்றை வைத்தார். அவர் விரல்கள் பனிக்கட்டி மாதிரி இருந்தன. எனக்கு அப்போது துக்கம் வரவில்லை. பயம் வந்தது, அருவருப்புகூட வந்தது. போன ஞாயிறு நீ சொன்ன அதே வார்த்தையைத்தான் அன்றைக்கு நானும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்: இவங்க நம்மள மாதிரி இல்ல. அவர்கள் சமையலறைக்குப் போய், வந்தவர்களுக்குக் காப்பி கலந்து கொடுத்துவிட்டு, அந்த இனிப்பைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானத் தொழுகை முடிந்து ஊரே தூங்குகிற நேரம், பெல் அடித்தது. அக்கா. முகத்தில் அதே சிரிப்பு. உள்ளே வந்தார். என்னைத் தாண்டிச் சமையலறைக்குப் போனார். தெருப் பக்கம் ஜன்னல் இல்லாத அறை அது ஒன்றுதான். அலமாரியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார். "கதவச் சாத்து. ஏசியப் போடு. பெருசா வை" என்றார். கூடத்து ஏசியை முழு வேகத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அதற்குள் அந்தச் சிரிப்பு போய்விட்டிருந்தது. அதற்கப்புறம் அந்தத் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை நான் எழுதிக் காட்ட முடியாது. பிரசவ அறையில் கேட்டிருக்கிறேன், வேறெங்கும் கேட்டதில்லை. தலைத்துணியைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டேன். மூச்சு வந்ததும் சொன்னார்: "அங்க அழுதா அவன் மானத்த வாங்கறேன்னு சொல்றாங்க. ஷஹீதோட அம்மா அழக்கூடாதாம். அபு ஸாமி கதவுகிட்ட நின்னு பாத்துக்கிட்டே இருக்கார், நான் அழறேனான்னு. இங்க அவன் ஷஹீத் இல்லதானே? உன் வீட்டில அவன் வெறும் ஸாமிதானே?"

"வெறும் ஸாமிதான் அக்கா" என்றேன்.

அதற்கப்புறம் அவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். வெண்டைக்காய் என்றால் ஓடிவிடுவான். ஒரு காலைப் போர்வைக்கு வெளியே போட்டுத்தான் தூங்குவான். ஏழாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தோற்றுவிட்டான், டீச்சர் பிள்ளை தோற்றுப்போனான் என்று அவனை அடித்தாராம். "தொழ வாடான்னு எத்தன தடவ கூப்பிட்டிருக்கேன். வரமாட்டான். இப்ப அவன் சொர்க்கத்தில இருக்கான்னு எல்லாரும் சத்தியம் பண்றாங்க. இருக்கட்டும். ஆனா அவன் தலைக்கு மேல வசனம் எழுதி மாட்டியிருக்காங்களே, அது அவனா? அது யாரோ" என்றார். பிற்பகல் பாங்கு சத்தம் கேட்டது. எழுந்து முகம் கழுவினார். வீட்டுக்குப் போகவில்லை. அங்கேயே, அந்தச் சமையலறைத் தரையில், அரிசி டின்னுக்கும் காஸ் அடுப்புக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் தொழுதார். அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரிக்குள் என் முருகன் இருந்தார். தொழுது முடித்து, தலைத்துணியைச் சரி செய்து, கண்ணாடியில் அந்தச் சிரிப்பை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கதவைத் திறந்ததும் உள்ளிருந்து யாரோ "மப்ரூக்" என்றார்கள்.

அதிலிருந்து தினமும் அந்த நேரத்துக்கு வந்தார். பெல் அடிப்பதற்கு முன்பே நான் ஏசியைப் பெரிதாக வைத்துவிடுவேன். தம்பி, உன்னிடம் ஒளிப்பானேன், அந்த பெல்லுக்காக நான் காத்திருந்தேன். அவ்வளவு பெரிய துக்கம் வந்துதான் என் வீட்டுக்கு மறுபடி ஓர் ஆள் வந்தது. சில நாள் அவரோடு சேர்ந்து நானும் அழுவேன்; அவர் ஸாமிக்காக அழுதார், நான் எதற்கென்று தெரியாமல் அழுதேன். ஒருநாள் அவர் என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு, "அன்னைக்கு நான் கொண்டுவந்த பக்லவாவ சாப்பிட்டியா?" என்று கேட்டார். எந்த அன்றைக்கு என்று எனக்குப் புரிந்தது. "சாப்பிட்டேன்" என்றேன். "நானும்" என்றார். அவ்வளவுதான். தப்பு என்றோ சரி என்றோ சொல்லவில்லை.

நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கு ஒத்தாசைக்கு என்னைக் கூப்பிட்டார். முன்னறை முழுக்க ஆண்கள். நான் உள்ளே சோற்றை வாரிக்கொண்டிருந்தேன். அப்போது பாஸிமின் குரல் கேட்டது. மீசைகூட முளைக்காத பிள்ளை. எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, அண்ணன் விட்ட இடத்துக்கு நான் போகிறேன் என்றான். கூட்டம் "அல்லாஹு அக்பர்" என்றது. யாரோ அவன் தோளைத் தட்டினார்கள். என் பக்கத்தில் நின்றிருந்த அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். தலைத்துணிகூடப் போடாமல், ஆண்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் போனார். அந்த ஊரில் அது எப்பேர்ப்பட்ட காரியம் என்று உனக்குச் சொன்னால் புரியாது. நான் கதவோரம் நின்று பார்த்தேன். பாஸிமைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டார். "ஹலாஸ்" என்றார். "ஒருத்தனக் குடுத்தேன். நீங்க சொன்னபடி சிரிச்சேன். இனிமே மாஃபி, கிடையாது. இவன் என் பிள்ளை. எல்லாரும் எழுந்து உங்க பிள்ளைங்ககிட்ட போங்க" என்றார். சொல்லி முடிக்கும் முன் அந்தச் சத்தம், என் சமையலறையில் நான் கேட்ட அதே சத்தம், அத்தனை பேர் முன்னாலும் வெளியே வந்துவிட்டது. வாய்விட்டு, மாரில் அடித்துக்கொண்டு, "ஸாமி, ஸாமி" என்று அழுதார். ஒருவர் "அம்மா, பாவம், அல்லாவுக்கு எதிரா பேசாதீங்க" என்றார். "நான் அல்லாகிட்ட பேசிக்கிறேன், நீ போ" என்றார் அக்கா.

எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். சோறு அப்படியே இருந்தது. நான் அபு ஸாமியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அடித்துவிடுவாரோ என்று. அவர் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகச் சுவரில் இருந்த படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குனிந்தார். தோள் குலுங்கியது. அந்த மனிதரும் நாற்பது நாளாக அழாமல் இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புத்தியில் ஏறியது. அவர் கதவருகே நின்று காவல் காத்தது அக்காவையா, தன்னையா? நான் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு யாரும் வரவில்லை. அவர்கள் ஆட்களே வாசலில் பார்த்தால் பேசாமல் போனார்கள். அக்கா அதன்பின் அழ என் வீட்டுக்கு வரவில்லை, தன் வீட்டிலேயே அழுதார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் நான் கொஞ்ச நாள் பழக்கத்தில் அந்த நேரத்துக்கு ஏசியைப் பெரிதாக வைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட வருஷம் முடிந்ததும் அவர்கள் அம்மான் நகரத்துக்கு, அக்காவின் தம்பி வீட்டுக்குக் கிளம்பினார்கள். படியிறங்கும்போது உன்னைத் தூக்கி, உன் உச்சந்தலையில் கைவைத்து அரபியில் என்னவோ ஓதினார். என்ன என்று கேட்டேன். "இவன் வயசாகிச் சாகட்டும்னு கேட்டேன்" என்றார். நாங்கள் ஊர் திரும்புவதற்கு முன்னால் பாஸிம் ஒரு வேலையாகத் தம்மாமுக்கு வந்து, துறைமுகத்தில் உன் அப்பாவைத் தேடிப்போய்ப் பார்த்திருக்கிறான். எலக்ட்ரீஷியன் வேலை பழகிக்கொண்டிருந்தானாம். அம்மா அகதிகள் முகாமில் உள்ள பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறார், தொழுகை விடவில்லை, அப்பா இப்போது அவரோடு சேர்ந்து தொழுகிறார் என்று சொல்லியிருக்கிறான். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. அவர் இருந்தால் இப்போது தொண்ணூறை நெருங்கியிருப்பார். டிவியில் அந்த ஊரைக் காட்டும்போதெல்லாம் கிழவிகளின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். பஸ்ஸில் பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்தப் பக்கத்துத் தாய்மார்களும் இப்போது கிழவிகளாகியிருப்பார்கள். அவர்கள் கேமரா முன்னால் என்ன முகம் வைத்துக்கொண்டார்கள், எந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள் என்று எனக்குச் சொல்ல யாருமில்லை.

நீ யார் பக்கம் பேசவேண்டும் என்று நான் சொல்லவில்லை. நீ படித்தவன், உனக்கு உன் நியாயம் இருக்கும். சாமி கும்பிடு, கும்பிடாமல் இரு, அதுவும் உன் இஷ்டம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். பத்துப் பேர் முன்னால் ஒரு தாய் வைத்திருக்கிற முகத்தைப் பார்த்துவிட்டு, அவளுக்கு மனசு இல்லை என்று முடிவு கட்டாதே.

உன் அப்பா போனபோது நீ ஓடோடி வந்தாய், காரியமெல்லாம் குறைவில்லாமல் செய்தாய். வந்தவர்கள் எல்லோரும் என்னிடம், "படுக்கையில கிடக்காம போயிட்டாரு, நல்ல சாவு, குடுத்து வச்சவரு" என்றார்கள். நான் ஆமாம் ஆமாம் என்றேன். சாப்பிட்டீங்களா என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். நீ பக்கத்து அறையில் உன் பெண்டாட்டியிடம் ஃபோனில், "அம்மா ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்காங்க, பயமில்ல" என்று சொன்னது எனக்குக் கேட்டது. பதினாறாம் நாள் முடிந்து விமானம் ஏறினாய். உன்மேல் எனக்குக் குறை இல்லை. நான் காட்டியதைத்தான் நீ பார்த்தாய்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பண்ணு. எப்படிம்மா இருக்கே என்று கேட்பாய். நல்லா இருக்கேன் என்றுதான் என் வாயில் வரும், பழகிவிட்டது. அதைக் கேட்டதும் வைத்துவிடாதே. ஒன்றும் பேசாமல் கொஞ்சநேரம் அப்படியே இரு. அழ ஆரம்பிக்க எனக்குச் சற்று நேரமாகும்.

அம்மா